திகதி பிழை

மஞ்சள் வயர் இரண்டாம் காலில்.
சிவப்பு மின்னுக்கு, கறுப்பு நிலத்துக்கு.
மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே
நெல்மணி அளவில் ஒரு தடை.
அதைப் போடாமல் மூன்று இரவு இருந்தேன்.
திரையில் வந்துகொண்டே இருந்தது:
மைனஸ் நூற்றிருபத்தேழு பாகை.

குருநகரில், ஆவணி வெக்கையில்,
காற்றாடிக்குக் கீழே.

அது குளிர் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.
'எனக்கு ஒன்றும் கேட்கேல்லை' என்று சொல்ல
அந்தச் சென்சருக்குத் தெரிந்த ஒரே எண்.

நான் வாடியில் கணக்கெழுதுகிறவள்.
கிழமைக்குக் கிழமை பேலியகொடையில் இருந்து
அதே வசனம்: மீன் சூடு, விலையில் வெட்டு.
முதலாளி றெமீஜியசைப் பார்ப்பார்.
றெமீஜியஸ் லொறிச் சாவியைப் பார்ப்பான்.
"முறிகண்டியிலை தேங்காய் உடைக்க ஐஞ்சு நிமிஷம், டொறின்.
வேறை எங்கையும் நிப்பாட்டேல்லை.
பெட்டி மூடியிலை கை வைச்சிருந்தா
அந்தோனியார் கேக்கட்டும்."
நம்பினேன்.
பேரேட்டில் நம்பிக்கைக்கு நிரல் இல்லை.

அதனால் பார்சலில் வந்தது
தீப்பெட்டியிலும் சின்ன ஒரு போட்.
ஈயம் உருக்கி விரல் சுட்டேன்.
பெரிய சனிக்கு மிஞ்சின மெழுகுதிரியில்
வயர் உறையைச் சுருக்கினேன்.
சென்சரை ஐஸுக்கும் பாரைமீனுக்கும் இடையில்
செருகி விட்டேன்.

முதல் பயணம்:
கொடிகாமத்துப் பள்ளத்தில் வயர் கழன்று
கொழும்பு மட்டும் மைனஸ் நூற்றிருபத்தேழு.

இரண்டாம் பயணம்: வெறும் கோப்பு.
எழுதச் சொன்னேன், மூடச் சொல்லேல்லை.
மூடாததை மெமரி அட்டை வைத்திருக்காது,
பற்றரி போகும்போது அதுவும் போகும்.
என்ரை கொப்பி ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

மூன்றாவதில் அறுநூற்றுப் பதினாலு வரி,
நிமிஷத்துக்கு ஒன்று.
புறப்படும்போது பூச்சியம் தசம் நாலு.
முறிகண்டியில் ஒரு சின்னப் புடைப்பு,
தேங்காய் அளவுகூட இல்லை.
வவுனியா, தம்புள்ளை, குருநாகல், ஒன்றைத் தாண்டவில்லை.
கடைசி ஐம்பத்திரண்டு வரியில்தான் ஏற்றம்:
மூன்று, ஐந்து, ஒன்பது, பதினாலு.
சந்தை நிலத்தில், வெயிலில்,
ஆரும் எடுக்காமல் கிடந்த பெட்டி.

படம் பிடித்து வாங்குகிறவருக்கு அனுப்பினேன்.
ஒரு நிமிஷத்தில் அழைப்பு. சிரிப்புத்தான் முதலில்.
"தங்கச்சி, திகதியைப் பாத்தீங்களா?
இரண்டாயிரம், ஜனவரி ஒண்டு.
அண்டைக்கு உங்கட பாதையே பூட்டு.
இந்த மீன் எந்த லொறியிலை வந்தது?"

பார்த்தேன். மணிக்கூட்டுச் சில்லின் பற்றரி செத்திருந்தது.
செத்தால் அது ஒவ்வொரு முறையும்
அந்த நள்ளிரவில்தான் கண் விழிக்குமாம்.

எனக்கு அப்போது எட்டு வயது.
ஊரடங்கு. பூசை விடிஞ்சபிறகு.
கடலுக்குப் போக ஐயாவுக்குப் பாஸ்,
ஐஸ் இல்லை, பிடித்தது பின்னேரத்துக்குள் விற்கவேணும்.
ஆனால் கோப்பு சொல்கிறது:
அன்று நள்ளிரவு குருநகரில் இருந்து
ஒரு பெட்டி பாரைமீன் புறப்பட்டது.
ஆனையிறவைக் கடந்தது.
ஒருவரும் மறிக்கவில்லை, மூடி திறந்து பார்க்கவில்லை,
அடையாள அட்டை கேட்கவில்லை.
முறிகண்டியில் மட்டும்
பூச்சியம் தசம் மூன்று பாகை நின்றது.
பத்து மணித்தியாலத்தில் கொழும்பு.

வரி வரியாய் இரண்டு தரம் வாசித்தேன்.
பிழை என்று தெரிந்துதான் வாசித்தேன்.

கஸ்தூரியார் வீதி மணிக்கூட்டுக் கடையில்
நூற்றைம்பது ரூபாய்க்குப் பட்டன் பற்றரி.
இன்றைக்கு லொறி இன்றைய திகதியோடு போகிறது.
வாங்குகிறவர் வேறொன்று சொல்வார், சொல்லட்டும்.
பழைய கோப்பை அழிக்கவில்லை.
அட்டையில் இடம் நிறையக் கிடக்கு.

பின்கதவைப் பூட்டிவிட்டு றெமீஜியஸ் கேட்டான்,
"டொறின், நான் வழியிலை கண்ணயர்ந்தா
அதையும் எழுதுமோ இது?"

சூடு மட்டும், என்றேன்.
நம்பாமல் ஏறிப் போனான்.